வந்து சேர்ந்த பிறகு களவுபோகும் செய்தி

2021 மார்ச் 8, திங்கட்கிழமை. இந்தியா முழுக்க ஓடிபி வருவது தடைப்பட்டது. வங்கிப் பணப் பரிமாற்றம், கார்டில் கட்டணம் செலுத்துவது, ஒரு வாரத்துக்கு முன்புதான் மூத்தோருக்குத் திறந்துவிடப்பட்டிருந்த கோவின் தடுப்பூசிப் பதிவு என, கைபேசிக்கு வரும் சில இலக்கங்களை நம்பியிருந்த வேலைகளெல்லாம் பாதியில் நின்றன. எந்தக் கும்பலும் எதற்குள்ளும் புகுந்துவிடவில்லை. மோசடிக் குறுஞ்செய்திகளைத் தடுப்பதற்காகத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் ஒரு விதிமுறையைக் கொண்டுவந்திருந்தது. முன்கூட்டியே பதிவு செய்த வாசகத்தோடு பொருந்தாத வணிகச் செய்திகளை வடிகட்டி நிறுத்தும் வேலையைத் தொலைபேசி நிறுவனங்கள் அன்றைக்குத் தொடங்கின. வாசகங்களை ஒழுங்காகப் பதிவு செய்யாத நிறுவனங்கள் ஏராளம். அவற்றின் ஓடிபிகளும் வடிகட்டியில் சிக்கிக்கொண்டன. உடனடியாக அந்த நடைமுறையை ஏழு நாட்களுக்கு டிராய் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

ஒரு நாட்டின் பணப்பையும் அடையாளமும் எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகின்றன என்பதை அந்த ஒரு நாள் காட்டியது. அந்த இழையின் பெயர் எஸ்எம்எஸ். ரகசியத்தைக் காப்பதற்காக அதை யாரும் உருவாக்கவில்லை.

1980களில் ஜிஎஸ்எம் தரத்தை வகுத்துக்கொண்டிருந்த ஐரோப்பியப் பொறியாளர்கள், அழைப்புகளை இணைப்பதற்கான சமிக்ஞைப் பாதை பெரும்பாலான நேரம் சும்மா கிடப்பதைக் கவனித்தார்கள். அந்தப் பாதையிலேயே சிறு செய்திகளை ஏற்றி அனுப்பலாம் என்பது ஜெர்மனியின் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெப்ராண்டும் பிரான்ஸின் பெர்னார் கில்லெபேரும் முன்வைத்த யோசனை. ஒரு செய்திக்குக் கிடைத்த இடம் 140 பைட். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஏழு பிட்டில் அடங்கிவிடுவதால் அதற்கு 160 எழுத்துகள். தமிழுக்கு ஒவ்வொரு குறியீடும் பதினாறு பிட் கேட்பதால் 70 குறியீடுகள்தான். அதிலும் ‘கி’ என்ற ஓர் எழுத்தே இரண்டு குறியீடுகளைத் தின்றுவிடும். 1992 டிசம்பர் 3 அன்று நீல் பாப்வொர்த் என்ற இளம் பொறியாளர், இங்கிலாந்தில் வோடஃபோன் நிறுவனத்தின் ரிச்சர்ட் ஜார்விஸுக்குக் கணினியிலிருந்து கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். உலகின் முதல் குறுஞ்செய்தி அதுதான். வாழ்த்து அனுப்பத் தோன்றிய வசதி, பிறகு வங்கிச் சாவியாயிற்று. கார்டை நேரில் நீட்டாமல் இணையத்தில் செய்யும் பரிவர்த்தனைகளுக்குக் கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டில் கட்டாயமாக்கியது. எல்லோர் கையிலும் ஏற்கெனவே இருந்த எஸ்எம்எஸ்ஸை வங்கிகள் அதற்குப் பற்றிக்கொண்டன.

ஒரு குறுஞ்செய்தி எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்த்தால்தான் அது எங்கெங்கே திசைமாறும் என்பது புரியும். அனுப்பியவரின் போனிலிருந்து டவருக்கும், அங்கிருந்து அவருடைய நிறுவனத்தின் குறுஞ்செய்தி மையத்துக்கும் செய்தி போகிறது. மையம் அதைச் சேமித்து வைத்துக்கொண்டு, பெறுபவரின் நிறுவனத்திடம் ‘இந்த எண் இப்போது எங்கே இருக்கிறது?’ என்று கேட்கிறது. ஒவ்வொரு நிறுவனத்திடமும் தன் வாடிக்கையாளர்கள் கடைசியாக எந்த வலையமைப்பில் இருந்தார்கள் என்ற பதிவேடு உண்டு. சென்னை எண்ணுடன் ஒருவர் சிங்கப்பூரில் இறங்கினால், அங்குள்ள வலையமைப்பு ‘இவர் இப்போது எங்களிடம் இருக்கிறார்’ என்று அந்தப் பதிவேட்டுக்குத் தெரிவிக்கும். அதற்குப் பின் அவருக்கான செய்திகள் சிங்கப்பூருக்குப் போகும். போன் அணைந்திருந்தால் மையம் காத்திருந்து அனுப்பும். காற்றில் செல்லும்போது டவருக்கும் போனுக்கும் இடையே மறையாக்கம் இருக்கிறது. நிறுவனத்தின் உள்ளே வந்துவிட்டால் வாசகம் வெட்டவெளிச்சம்.

இந்த நிறுவனங்களெல்லாம் பேசிக்கொள்ளும் மொழிக்கு எஸ்எஸ்7 என்று பெயர். 1970களின் பிற்பகுதியில், விரல்விட்டு எண்ணக்கூடிய பெரிய தொலைபேசி நிறுவனங்கள் மட்டும் இருந்த காலத்தில் அது பிறந்தது. ஒருவரை ஒருவர் சந்தேகிக்க வேண்டிய அவசியம் அன்றைக்கு இருக்கவில்லை. ‘அந்தக் குடும்பம் எங்கள் தெருவுக்குக் குடிவந்துவிட்டது, தபாலையெல்லாம் இங்கே கொடுங்கள்’ என்று யார் வந்து சொன்னாலும் நம்பிக் கொடுத்துவிடும் தபால்காரரைப் போன்றது அது. சொல்பவர் யார் என்று கேட்கும் பழக்கம் அதன் அடிப்படை வடிவமைப்பில் இல்லை. இன்று நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் அந்த வலையில் இணைந்திருக்கின்றன; இணைப்பை வாடகைக்கு விடுபவர்களும் இருக்கிறார்கள்.

2014 டிசம்பரில் ஹாம்பர்கில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் என்ற ஹேக்கர் மாநாட்டில் டோபியாஸ் எங்கெல், கார்ஸ்டன் நோல் என்ற இரண்டு ஜெர்மானிய ஆய்வாளர்கள் இதைத் தனித்தனியே மேடையில் காட்டினார்கள். போன் எண் மட்டும் தெரிந்தால் ஆளின் இருப்பிடத்தைப் பின்தொடரலாம், அழைப்பையும் செய்தியையும் பிடிக்கலாம் என்றார்கள். நிறுவனங்கள் உடனே விழித்துக்கொள்ளவில்லை. 2017 ஜனவரியில் ஜெர்மனியிலேயே அது நடந்தது. திருடர்கள் முதலில் ஓ2-டெலிஃபோனிகா வாடிக்கையாளர்கள் சிலரின் வங்கிக் கடவுச்சொற்களைப் பிடித்தார்கள். பிறகு ஒரு வெளிநாட்டு வலையமைப்பு வழியாக எஸ்எஸ்7-க்குள் புகுந்து, வங்கி அனுப்பிய ஒருமுறைக் குறியீடுகளைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். கணக்குகள் காலியாயின. அந்த மே மாதம் ஸ்யூட்டாய்ச்ச சைத்துங் நாளிதழ் செய்தி வெளியிட்டது. ஓ2 நிறுவனமும் நடந்ததை உறுதிசெய்தது. அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட், எஸ்எம்எஸ் வழிச் சரிபார்ப்பை விட்டு விலகும்படி 2016-இலேயே வரைவு வெளியிட்டிருந்தது. எதிர்ப்புகளுக்குப் பிறகு, 2017-இல் வந்த இறுதி வடிவில் அதைக் ‘கட்டுப்பாட்டுக்குரியது’ என்ற அளவில் நிறுத்திக்கொண்டது.

எஸ்எஸ்7-ஐத் தொடாமலேயே திசைதிருப்பலாம் என்பது 2021 மார்ச்சில் தெரிந்தது. அமெரிக்காவின் மதர்போர்டு இதழில் ஜோசஃப் காக்ஸ் எழுதிய கட்டுரை அது. அவர் சம்மதத்தோடு ஒரு ஹேக்கர், கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் மொத்தச் செய்தி அனுப்பித் தரும் ஒரு சேவையில் 16 டாலர் கட்டினார். ‘இந்த எண்ணின் உரிமையாளர் நான்தான்’ என்று பொய்யாக ஒரு படிவத்தை நிரப்பினார். காக்ஸுக்கு வர வேண்டிய செய்திகள் ஹேக்கரிடம் போகத் தொடங்கின. காக்ஸின் சிம் இறந்துபோகவில்லை. போனில் எந்த அறிகுறியும் தெரியவில்லை. கட்டுரை வெளியானதும் அமெரிக்க நிறுவனங்கள் அந்த வழியை அடைத்தன. ஆனால் எண்ணுக்கு உரியவரைக் கேட்காமலே அவருடைய செய்திகளை வேறொருவருக்கு மாற்றிவிட இடம் தரும் ஓர் அமைப்பு, அம்பலப்படும்வரை சட்டபூர்வமான வணிகமாகவே நடந்துகொண்டிருந்தது.

இந்தியாவில் பிறர் எண்ணுக்குக் கள்ளத்தனமாக மாற்று சிம் வாங்கிக் களவாடுவதும் அழைப்பைத் திருப்பிவிடுவதும் அதிகம் நடந்தன. கூரியர் கம்பெனியிலிருந்து பேசுவதாகச் சொல்லி *401* என்று தொடங்கும் ஓர் எண்ணை அழுத்தச் சொல்வார்கள். அழுத்தினால் வரும் அழைப்புகளெல்லாம் மோசடிக்காரரின் எண்ணுக்குத் திரும்பிவிடும். குரல்வழியாக வரும் ஓடிபியும் அவர் காதில்தான் விழும். இதனால் 2024 ஏப்ரல் 15 முதல் இத்தகைய குறியீடுகள் வழியே அழைப்பைத் திருப்பும் வசதியை நிறுத்துமாறு தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. புதிய சிம் மாற்றியதும் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி நின்றிருப்பது அந்த சிம் களவைத் தடுக்கத்தான். வாடிக்கையாளர்கள் பலர் இதை இடைஞ்சல் என்று திட்டுகிறார்கள். அந்த ஒரு நாள்தான், தன் சிம் செத்துப்போனதைக் கண்டு ஒருவர் வங்கிக்கு ஓடுவதற்குக் கிடைக்கும் அவகாசம்.

இவையெல்லாம் செய்தி வரும் வழியில் நடப்பவை. வழியில் மறிப்பதற்குத் தொடர்புகளோ பணமோ கள்ள ஆவணமோ வேண்டும். இன்றைய திருடருக்கு அவ்வளவு சிரமம் தேவைப்படவில்லை. செய்தி உரியவரின் போனுக்கு ஒழுங்காக வந்து சேரட்டும் என்று விட்டுவிட்டு, சேர்ந்த கணத்தில் அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறார்.

அதற்கான வழி, ஆண்ட்ராய்டு செயலிகளை நிறுவும் ஏபிகே கோப்பு. ‘உங்கள் வண்டிக்கு அபராதம் விதிக்கப்பட்டுள்ளது’ என்றோ, ‘கேஒய்சி புதுப்பிக்க வேண்டும்’ என்றோ, ‘பிஎம் கிசான் தவணை’ என்றோ வாட்ஸ்அப்பில் வரும். முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகையாகவும் வரும். பெரும்பாலும் தெரிந்தவர் எண்ணிலிருந்தே வருகிறது. ஏனென்றால் அவர் போன் முந்தைய நாளே பறிபோயிருக்கும். தொட்டால் செயலி நிறுவப்படுகிறது; குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கிறது. ‘அனுமதி’ என்பதைத் தொட்ட பிறகு திரையில் அந்தச் செயலியின் படமே மறைந்துவிடுவதுண்டு. ஆண்ட்ராய்டில் ஒரு குறுஞ்செய்தி வந்ததும், அந்த அனுமதி பெற்ற எல்லாச் செயலிகளுக்கும் இயங்குதளம் அதைத் தெரிவிக்கிறது. உரியவர் போனை எடுத்துப் பார்ப்பதற்குள் ஓடிபி வேறொருவர் கையில் இருக்கும்.

2025 பிப்ரவரியில் சிம்பீரியம் என்ற கைபேசிப் பாதுகாப்பு நிறுவனம், இந்திய வங்கி வாடிக்கையாளர்களைக் குறிவைத்த ஒரு பெரிய வலையைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. ஃபேட்பாய்பேனல் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஏறத்தாழ 900 கள்ளச் செயலிகள். அவற்றில் ஒரு வகை, திருடிய ஓடிபிகளை இணையச் சர்வருக்கு அனுப்பாமல், நேராக இன்னொரு கைபேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தியாகவே திருப்பி அனுப்பியது. களவுபோன செய்தியை அனுப்பும் செலவும் பறிகொடுத்தவர் தலையில் விழுந்தது. அப்படிச் செய்தி பெற்ற எண்கள் ஆயிரம் அளவுக்குத் தெரியவந்தன. எண் என்றால் அதற்கு ஒரு சிம், சிம்முக்கு ஒரு முகவரி, போலீஸ் தேடிப்போக ஒரு தடயம். அதைவிட வேதனையான விஷயம் ஒன்றும் அதே அறிக்கையில் இருந்தது. மற்ற வகைச் செயலிகள் திருடிய தகவல்களைக் கொட்டிவைத்த இணையக் கிடங்குகளுக்குப் பூட்டே இல்லை. சுமார் 50,000 பேரின் வங்கி விவரம், கார்டு விவரம், ஆதார், பான் எண்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற நிலை. முந்தைய ஆண்டு அதே நிறுவனம் உலக அளவில் 1,07,000-க்கும் மேற்பட்ட எஸ்எம்எஸ் திருட்டுச் செயலி மாதிரிகளைக் கண்டிருந்தது. 113 நாடுகளில் பாதிக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். அதிகம் பேர் இந்தியாவிலும் ரஷ்யாவிலும்.

யுபிஐ-யில் பாதை தலைகீழ். அங்கே வங்கிக்குச் செய்தி போனிலிருந்து போக வேண்டும். புதிதாகச் செயலியைப் பதிவு செய்யும்போது, அந்த சிம்மிலிருந்து ஒரு குறியீட்டுச் செய்தி தானாகக் கிளம்பும். அதைக் கொண்டுதான் ‘இந்த எண் இந்தப் போனில் இருக்கிறது’ என்று வங்கி பிணைக்கிறது. மோசடிக்காரர் தன் போனில் பதிவைத் தொடங்கி, கிளம்ப வேண்டிய குறியீட்டை எதிராளிக்கு அனுப்பி, ‘இதை இந்த எண்ணுக்கு ஃபார்வர்டு செய்யுங்கள், பணம் திரும்ப வரும்’ என்பார். அனுப்பியவரின் எண் திருடரின் போனோடு பிணைந்துவிடும். ‘ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று கேட்டுப் பழகியவர்கள்கூட இதில் விழுந்தார்கள். ஒரு செய்தியை அனுப்பிவைப்பதில் என்ன ஆபத்து என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை.

அதற்காகச் செய்தியைத் திருப்பி அனுப்புவதே குற்றம் என்று ஆகிவிடாது. ஐபோனுக்கு வரும் குறுஞ்செய்தியை மேக் கணினியிலும் காட்டும் வசதியை ஆப்பிள் 2014-இல் கொடுத்தது. கூகுள் 2018-இல் மெசேஜஸ் செயலியைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தது. துபாயிலிருக்கும் மகன், ஊரிலிருக்கும் அம்மாவின் மின்கட்டணத்தைக் கட்ட அம்மாவுக்கு வரும் ஓடிபி வேண்டும். இரண்டு கிளை வைத்திருக்கும் கடைக்காரருக்கு, கடை எண்ணில் வரும் வங்கிச் செய்தி இரண்டு இடத்திலும் தெரிய வேண்டும். இந்தத் தேவைகளுக்கான செயலிகளும் கள்ளச் செயலிகளும் தொழில்நுட்ப அளவில் ஏறக்குறைய ஒன்றுதான்: அதே அனுமதி, அதே நடைமுறை. போனுக்கு உரியவர் அதை அறிவாரா, விரும்பும்போது நிறுத்த முடியுமா என்பதில்தான் வேறுபாடு. இயங்குதளம் செய்தவர்கள் இதைத் தாமதமாகவே உணர்ந்தார்கள். குறுஞ்செய்தி அனுமதியைக் கேட்கும் செயலிகளுக்கு கூகுள் 2018 அக்டோபரில் கட்டுப்பாடு அறிவித்தது. பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் செயலி இத்தகைய அனுமதிகளைக் கேட்டால் நிறுவலையே தடுக்கும் சோதனை முயற்சி 2024-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. அதை இந்தியாவுக்கும் கொண்டுவருவதாக அதே ஆண்டு அறிவித்தார்கள். ஆண்ட்ராய்டு 15, அறிவிப்புகளைப் படிக்கும் பிற செயலிகளிடமிருந்து ஓடிபியை மறைக்கிறது.

முகம் தெரியாத திருடருக்கு எதிரான காவல் இப்படி மெல்ல வலுக்கிறது. அதே வீட்டில் இருப்பவருக்கு எதிராக அது அவ்வளவாக உதவுவதில்லை.

பாஸ்வேர்டு தெரிந்த ஒருவர் கையில் போன் சில நிமிடம் தனியாகக் கிடைத்தால் வேவுச் செயலியை நிறுவிவிட முடியும். குறுஞ்செய்தி, அழைப்புப் பட்டியல், புகைப்படம், இருப்பிடம் எல்லாம் ஒரு சர்வருக்குப் போய்க்கொண்டே இருக்கும். வேவு பார்ப்பவர் தன் கணினியில் உட்கார்ந்து படிப்பார். ‘குழந்தைப் பாதுகாப்பு’ என்ற பெயரில் இவை விற்கப்பட்டாலும், விளம்பரம் பெரும்பாலும் மனைவியையும் காதலியையும் சந்தேகிப்பவர்களை நோக்கியே போகிறது. கூகுள் 2020 அக்டோபரிலிருந்து, பெற்றோர் பிள்ளைகளைக் கவனிக்கும் செயலிகளையும் நிறுவன நிர்வாகத்துக்கான செயலிகளையும் மட்டும் அனுமதித்தது. அவையும் தாங்கள் இயங்குவதை மறைக்கக் கூடாது. வாழ்க்கைத்துணையைக் கண்காணிக்கும் செயலிகளுக்கு இடமே இல்லை என்று கொள்கை வகுத்தது. ஆகவே அவை பிளே ஸ்டோருக்கு வெளியே விற்கப்படுகின்றன.

அமெரிக்காவில் ஸ்டெல்த்ஜீனி என்ற செயலியை விற்றவர் 2014-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 5 லட்சம் டாலர் அபராதம் கட்டினார். 2021 செப்டம்பரில் ஸ்பைஃபோன் நிறுவனத்தையும் அதன் தலைவரையும் கண்காணிப்புத் தொழிலிலிருந்தே அந்நாட்டு வர்த்தக ஆணையம் விலக்கியது. ஒரு செயலியின் கதை முடிந்தால் வேறு பெயரில் இன்னொன்று முளைக்கிறது. இவற்றின் பாதுகாப்போ மிக மோசம். ட்ரூத்ஸ்பை குடும்பத்தைச் சேர்ந்த செயலிகளில் இருந்த ஓட்டை, சுமார் 4 லட்சம் போன்களின் தகவலை வெளியே விட்டது என்று 2022-இல் டெக்கிரஞ்ச் எழுதியது. போலந்தின் லெட்மீஸ்பை 2023-இல் ஹேக் செய்யப்பட்டு மூடப்பட்டது. அடுத்த ஆண்டு பிசிடாட்டில்டேலுக்கும் அதே கதி. மகளின் நடமாட்டத்தை அறிய விரும்பிய தந்தை, அவளுடைய படங்களையும் இருப்பிடத்தையும் யாரென்றே தெரியாதவர்கள் முன் வைத்துவிடுகிறார். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்ததே அவளைப் பாதுகாப்பில்லாத இடத்தில் நிறுத்துகிறது. இந்தச் செயலிகளை விற்பவர்கள் இதை ஒருநாளும் சொல்வதில்லை.

இந்திய வீடுகளில் செயலிகூடத் தேவைப்படுவதில்லை. வாட்ஸ்அப் ஒரே கணக்கை இன்னும் நான்கு கருவிகளில் இணைக்க விடுகிறது. மனைவி குளிக்கப் போன நேரத்தில் அவர் போனில் ஒரு கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் போதும், அவர் உரையாடல்கள் கணவரின் கணினியில் ஓடும். 2021-க்குப் பிறகு, அதற்கு அவர் போன் இணையத்தில் இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

இதைக் குற்றம் என்று பலர் நினைப்பதே இல்லை. ஒரு பெண்ணின் இணையம், மின்னஞ்சல் உள்ளிட்ட மின்னணுத் தொடர்புகளைக் கண்காணிப்பதைப் பின்தொடர்தல் குற்றமாக 2013-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்த்தார்கள். இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78-ஆம் பிரிவு. முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறை. 2024 அக்டோபர் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அளித்த தீர்ப்பு இங்கே முக்கியமானது. பரமக்குடி நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்ட ஒரு கணவர், மனைவியின் அழைப்புப் பட்டியலை அவருக்குத் தெரியாமல் எடுத்துச் சாட்சியமாகக் கொடுத்திருந்தார். அது செல்லாது என்றார் நீதிபதி. அந்தரங்க உரிமை கணவன் மனைவிக்கு இடையிலும் உண்டு, அதை மீறிப் பெற்ற ஆவணத்தை ஏற்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். ஆனால் 2025 ஜூலை 14 அன்று வேறொரு வழக்கில், கணவர் ரகசியமாகப் பதிவு செய்த மனைவியின் தொலைபேசிப் பேச்சை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒருவரை ஒருவர் வேவு பார்க்கிறார்கள் என்றால் அந்த மணவாழ்வு ஏற்கெனவே முறிந்துபோயிற்று என்பது அதன் பார்வை. விவாகரத்து வழக்கில் ஆதாரம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது உண்மைதான். இருந்தாலும், வேவு பார்த்துக் கொண்டுவந்ததற்கு நீதிமன்றத்தில் மதிப்பு கிடைக்கும் என்று தெரிந்தால் இன்னும் எத்தனை போன்களில் கை வைக்கத் துணிவு வரும் என்ற கவலைக்கு மதுரைத் தீர்ப்பில் இருந்த பதில் அதில் இல்லை.

அரசு ஒட்டுக்கேட்பதற்கு விதிகள் காகிதத்தில் இன்னும் கறாரானவை. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவு, பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற காரணம் இருந்தால் மட்டுமே அதற்கு இடம் கொடுத்தது. உள்துறைச் செயலர் மட்டத்தில் உத்தரவு, அதை ஆராய ஒரு குழு என்ற வேலிகளை 1996-இல் பியூசிஎல் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்டது. வேலி தாண்டப்பட்டதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. ஒரு லஞ்ச வழக்குக்காக 2011-இல் பிறப்பிக்கப்பட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவை, குற்றத்தைக் கண்டுபிடிப்பது மட்டும் பொது நெருக்கடி ஆகிவிடாது என்று சொல்லி 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. தன் பேச்சு கேட்கப்பட்டது என்று ஒருவருக்கு வழக்கு வந்தால்தான் தெரிகிறது. வழக்கே வராதவர்களுக்குத் தெரியப்போவதில்லை.

வாட்ஸ்அப், சிக்னல் போன்றவை முனைக்கு முனை மறையாக்கம் செய்யத் தொடங்கிய பிறகு, வழியில் கேட்பதால் வாசகம் கிடைப்பதில்லை. ஆகவே அரசுகளும் திருடர்கள் போன அதே இடத்துக்கு, போனுக்குள்ளேயே போயின. இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனம் விற்ற பெகசஸ் என்ற வேவு நிரல் 2016-இல் வெளிச்சத்துக்கு வந்தது, அமீரகத்தின் மனித உரிமைச் செயற்பாட்டாளர் அகமது மன்சூருக்கு வந்த ஒரு குறுஞ்செய்தி வழியாகத்தான். அவர் அதிலிருந்த இணைப்பைத் தொடாமல் சிட்டிசன் லேப் ஆய்வாளர்களுக்கு அனுப்பினார். பின்னாளில் எதையும் தொடாமலேயே போனுக்குள் நுழையும் வழிகள் வந்தன. இந்தியாவிலும் பெகசஸ் ஏவப்பட்டதாக எழுந்த புகாரை விசாரிக்க உச்ச நீதிமன்றம் அமைத்த குழு, பரிசோதித்த 29 போன்களில் ஐந்தில் ஏதோ ஒரு வேவு நிரல் இருந்ததாகவும், அது பெகசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றும் கண்டதாக 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் தெரிவித்தது. மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் குழு கூறியிருந்தது.

ஓடிபியின் நாட்கள் குறைந்துவருகின்றன. சிங்கப்பூரில் 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளால் 790 பேர் 1.37 கோடி சிங்கப்பூர் டாலரை இழந்தார்கள். டிஜிட்டல் டோக்கன் வைத்திருப்பவர்களுக்கு, கணக்கில் நுழைய ஓடிபி அனுப்புவதை அங்குள்ள பெரிய வங்கிகள் கைவிடப்போவதாக 2024 ஜூலையில் அறிவித்தன. இந்திய ரிசர்வ் வங்கியும் 2025 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறையில், 2026 ஏப்ரல் 1 முதல் எஸ்எம்எஸ் தவிர்த்த பிற சரிபார்ப்பு வழிகளுக்கும் இடம் தந்திருக்கிறது. எளிய போன் வைத்திருப்பவர்களுக்கு எஸ்எம்எஸ்தான் இன்னும் பல காலம் துணை.

அதுவரை போனில் பார்த்துவைக்க வேண்டிய இடங்கள் உண்டு. அமைப்புகளில் எந்தெந்தச் செயலிக்கு எஸ்எம்எஸ் அனுமதி இருக்கிறது, அறிவிப்புகளைப் படிக்கவும் அணுகல்வசதியைப் பயன்படுத்தவும் எவற்றுக்கு உரிமை தரப்பட்டிருக்கிறது, அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கின்றனவா, வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட கருவிகள் எவை என்று நான்கையும் பார்க்கலாம். பணம் போனால் முதல் சில மணி நேரத்துக்குள் இணையக் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும். வேவு பார்ப்பவர் வீட்டு ஆளாக இருந்தால் நிலைமை வேறு. சந்தேகச் செயலியைக் கண்ட உடனே நீக்கினால் ஆதாரமும் போய்விடும். தனக்கு வந்துகொண்டிருந்தது நின்றதும் எதிராளிக்கும் விஷயம் தெரிந்து, அவர் வன்முறையில் இறங்கவும் கூடும். குடும்ப வன்முறையில் சிக்கியவர்களுக்கு உதவும் அமைப்புகள் உலகெங்கும் சொல்லும் யோசனை, முதலில் வேறொருவரின் போனிலிருந்து உதவி தேடுவது. இந்தியாவில் பெண்களுக்கான உதவி எண் 181. அந்த அழைப்பைக் கண்காணிக்கப்படும் போனிலிருந்து செய்யக் கூடாது.